நாற்பது லிட்டர் கஞ்சி

தண்ணீரைக் கொதிக்க வைக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நான் பியர் காய்ச்சும் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். மருத்துவமனையில் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மூச்சுக் கருவி, மருந்து ஏற்றும் பம்ப், இதயத் துடிப்பைக் காட்டும் திரை என்று எதைக் கொண்டுவந்து வைத்தாலும் பிரித்து, பார்த்து, பூட்டிக் கொடுத்துவிடுவேன். அப்படிப்பட்டவளை பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டு கராஜில் நின்ற ஒரு வெந்நீர்ப் பாத்திரம் கோடைகாலம் முழுக்கப் படாதபாடு படுத்தியது.

இங்கே கூட்டம் நடக்கிற எந்த மண்டபத்துக்குப் போனாலும் ஒரு மூலையில் உயரமாக நிற்குமே, அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரம், தேநீருக்கு வெந்நீர் பிடிப்பார்களே, அதைத்தான் அர்ன் என்பார்கள். மின்சாரத்தில் சூடாகும். என்னுடையது நாற்பது லிட்டர் பிடிக்கும். வீட்டில் பியர் காய்ச்சுகிற பலர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதைத்தான் மால்ட் என்பது, பெரிய துணிப்பையில் கட்டி வெந்நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு பையைத் தூக்கிவிட்டு, மிஞ்சும் இனிப்புச் சாற்றை ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவை நடுவில் போட வேண்டும். ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி வாளியில் அடைத்துவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

இதில் கொதிதான் முக்கியம். தளதளவென்று புரண்டு கொதிக்க வேண்டும். அர்னோ தேநீருக்காகப் பிறந்தது. கொதிக்கிறேன் பார் என்று கொஞ்சம் பாவனை காட்டிவிட்டு ‘டிக்’ என்று தானாக அணைந்துகொள்ளும். சற்று ஆறியதும் இன்னொரு ‘டிக்’, மறுபடியும் முனகல். வேலை செய்ய மனமில்லாத அரசாங்க ஊழியரிடம் கையெழுத்து வாங்குவது போலத்தான் அதனிடம் கொதியை வாங்க வேண்டியிருந்தது.

நான் சேர்ந்திருந்த பியர் சங்கம் மாதம் ஒருமுறை ஒரு கிளப்பின் பின்னறையில் கூடும். எல்லாரும் தாடிக்காரர்கள். நான் ஒருத்திதான் பெண். என் வெளிர் பியரை அங்கே முதன்முறை கொண்டுபோனபோது, ஒரு தாடிக்காரர் கண்ணாடிக் குவளைக்குள் மூக்கை விட்டு நன்றாக இழுத்துவிட்டு, “வேகவைத்த சோளம்” என்றார். அடுத்தவரும் மோந்து பார்த்துத் தலையாட்டினார். வெளிர் மால்ட்டில் அப்படி ஒரு வாசனை இயல்பாகவே உண்டாம். நன்றாகக் கொதித்தால் ஆவியோடு போய்விடுமாம், மந்தமாகக் கொதித்தால் உள்ளேயே தங்கிவிடுமாம். கொதிப்பது என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தார், எனக்கு! எரிச்சல் என்னவென்றால் அந்த மனிதர் சொன்னது சரி.

சரி, அர்னைப் பிரித்து ஒரு கை பார்த்துவிடலாம் என்று நான் கிளம்பிய நேரம் பார்த்து, திருச்சியிலிருந்து அம்மா ஆறு மாத விசாவில் வந்து இறங்கினாள்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா குடித்தே போனவர். நல்ல மனிதர், வேலைக்காரர், கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறவர் என்றெல்லாம் ஊர் சொல்லும். அந்த நல்ல மனிதரைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் இழுத்துவந்து, சட்டையைக் கழற்றி, வாந்தியைக் கழுவியவள் அம்மா. சாராயம், பிராந்தி, பியர் என்ற வித்தியாசமெல்லாம் அவளுக்குக் கிடையாது. எல்லாம் ஒரே சனியன்தான். நான் குடிப்பது வெள்ளிக்கிழமை ஒரு குவளை. எனக்குப் பிடித்தது குடிப்பதைவிடக் காய்ச்சுவது. தானியம் சாறாகி, சாறு நுரைத்து, கலங்கியது தெளிந்து வருவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். ஆனால் இதை அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? தெரிந்துபோனால் அந்த நிமிடத்திலிருந்து அவள் கண்ணுக்கு நான் அப்பாவின் பெண் ஆகிவிடுவேன். அதைத் தாங்க எனக்கு மனசு இல்லை.

“ஆறு மாசம் இதை ஏறக்கட்டி வையேன், ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது” என்றார் என் கணவர். அவர் கணினிக்காரர். ஸ்க்ரூ டிரைவரை நான் கையில் எடுத்தாலே இரண்டடி தள்ளி நின்றுகொள்வார். ஏறக்கட்டி வைத்திருக்கலாம்தான். வேகவைத்த சோளம் என்று சொல்லிவிட்டார்களே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வந்த மறுநாளே அம்மா கராஜில் அர்னைப் பார்த்துவிட்டாள்.

“என்னடி இது, கல்யாண வீட்டு அண்டா மாதிரி?”

“பார்லிக் கஞ்சி வைக்கிறதும்மா.”

“இதுலயா? எம்மாம் பெருசு. எத்தனை லிட்டர் பிடிக்கும்?”

“நாற்பது.”

“நாற்பது லிட்டர் கஞ்சி யாருக்குடி?”

“ஆஸ்பத்திரில எல்லாரும் பங்கு போட்டுக்குவோம். வெயிலுக்கு நல்லதுல்ல?”

பின்னால் நின்றிருந்த கணவருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. வீட்டுக்குள் ஓடிப்போனார். பார்லி என்பது பொய்யில்லை, பங்கு போடுவதும் பொய்யில்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அம்மா அன்றைக்கே சித்திக்கு வீடியோ அழைப்பு போட்டு, தன் பெண் ஆஸ்பத்திரி முழுவதற்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறாள் என்று பெருமையடித்துக்கொண்டாள்.

அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்து பல வருடம் ஆகிவிட்டதால் அவளுடைய ஒரு பழக்கம் எனக்கு மறந்தே போயிருந்தது. எதையும் மூடாமல் விடமாட்டாள். ஜன்னலைச் சாத்துவாள், திரையை இழுப்பாள், குளியலறைக் கதவைச் சாத்துவாள், நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனால் என் மடிக்கணினியை மூடிவைப்பாள். காற்று வரட்டும் என்று நான் ஒரு பக்கம் திறந்துகொண்டே போவேன், அவள் பின்னாலேயே சாத்திக்கொண்டே வருவாள். இங்கே ஜனவரிதான் நடுக்கோடை, அந்த வெயிலில் வீடு அடுப்பாக வெந்தது. முதல் கொதியின்போது என் கண்ணெதிரிலேயே அர்னின் மூடியை எடுத்து மூடினாள்.

“மூடக் கூடாதும்மா. ஆவி வெளிய போகணும்.”

“பல்லி விழுந்துடும்டி.”

“இங்க பல்லி கிடையாதும்மா.”

“நேத்து வேலியோரம் ஓடுச்சே, அது என்னவாம்?”

மூடியை வாங்கி அலமாரியின் மேல் வைத்தேன். சரி சரி என்றாள். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முதல் திருத்தமாக அர்னுக்குச் சட்டை தைத்தேன். கூடாரத்தில் விரித்துப் படுக்கிற, வெள்ளிக் காகிதம் ஒட்டிய பாயை வாங்கி, அளவாக வெட்டி, பாத்திரத்தைச் சுற்றிக் கட்டினேன். சூடு வெளியே போகாமல் இருந்தால் கொதி வலுக்கும் என்பது கணக்கு. கொதி வலுத்தது. சாறு புரண்டது. அப்பாடா என்று நினைத்தபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு. வார இறுதியில் ஏதாவது கருவி மக்கர் செய்தால் செவிலியர்கள் என்னைத்தான் பிடிப்பார்கள். வீட்டுக்குள் போய், எந்த விளக்கு எரிகிறது, எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் போனில் மாரடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். சாறு கொதித்துக்கொண்டிருந்தது, அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கொதி முடிந்ததும் உள்பக்கம் இருக்கும் லிட்டர் கோட்டைப் பார்த்தேன். நாலு லிட்டராவது ஆவியாகிக் குறைந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. சில வாரம் கழித்துப் புட்டியைத் திறந்தால் அதே சோளம்.

அந்தக் கொதி நடந்த வாரம் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆன்ட்டியை அவர்கள் அன்ரி என்பார்கள். தங்கமான மனுஷி, ஆனால் அவர் காதில் விழுந்தது கோயில் வாசலை எட்ட ஒரு நாள்கூட ஆகாது.

“பிள்ளை, உங்கட கராஜ் பக்கமிருந்து ஒரு மணம் வருகுதே. என்ன அவிக்கிறனீங்கள்?”

“பார்லிக் கஞ்சி அன்ரி.”

“ஓம் ஓம், கஞ்சி” என்று மூக்கை இன்னொருமுறை உறிஞ்சினார். “நல்லாப் புளிச்ச மணமாக் கிடக்கு. சரி, நான் போட்டு வாறன்.”

அம்மா பக்கத்தில் துணிக் கிளிப்புகளோடு நின்றிருந்தாள். நான் அவசரமாக அடுத்த துணியை உதறினேன்.

இரண்டாவது திருத்தத்துக்கு அர்னைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினேன். உள்ளே, சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்தும் ஒரு சின்னத் தெர்மோஸ்டாட் இருந்தது. அந்த ‘டிக்’ இதனுடைய வேலைதான். அதன் பக்கவாட்டுத் திருகைச் சற்றுத் தளர்த்தினால் கொதிநிலை தாண்டும்வரை அணையாது. தண்ணீரே இல்லாமல் காய்ந்தால் அணைக்கிற பாதுகாப்பில் நான் கை வைக்கவில்லை, அந்த அளவுக்குப் புத்தி எனக்கு இருக்கிறது. கணவர் கராஜ் வாசலிலேயே நின்றுகொண்டு, “இதெல்லாம் லைசன்ஸ் இருக்கறவன் பண்ற வேலை. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் நாலணா தரமாட்டான்” என்று புலம்பினார். நோயாளிகளின் உயிரைத் தாங்கும் கருவிகளை அன்றாடம் திறந்து மூடுகிறவளிடம் இப்படி ஒரு பேச்சு. திருகைத் தளர்த்தினேன்.

அன்றைக்கு ‘டிக்’ சத்தமே இல்லை. ஆனந்தமாகக் கொதித்தது. மறுபடியும் போன் வந்தது, மறுபடியும் உள்ளே போனேன், மறுபடியும் திரும்பி வந்து கோட்டைப் பார்த்தால் சாறு குறையவே இல்லை. அலமாரியின் மேல் இருந்த மூடியின் உட்புறம் ஈரமாக இருந்ததைக் கவனிக்கத்தான் செய்தேன். அம்மாவுக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவுகிற வழக்கமும் உண்டு என்பதால் துடைத்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். என் படிப்பில் மண் விழ.

அடுத்த புட்டியிலும் சோளம். சங்கத்தில் தாடிக்காரர் முகர்ந்து பார்த்து, பரிவோடு என் தோளைத் தட்டினார். அந்தப் பரிவு எனக்கு ஆகவே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இணையத்தில் தேடினால் ஒருவன் பாயை இன்னும் ஒரு சுற்று சுற்று என்கிறான், இன்னொருவன் பாயைச் சுற்றுகிறவன் முட்டாள் என்கிறான், மூன்றாமவன் அர்னைத் தூக்கி எறிந்துவிட்டு எரிவாயுவுக்கு மாறச் சொல்கிறான். யாருக்கும் யாரோடும் ஒத்துப்போகவில்லை.

மூன்றாவது திருத்தம், ராடு. ஊரில் விடுதிகளில் வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு வெந்நீர் வைப்போமே, அதேதான், இங்கே கொஞ்சம் தடியாக, உணவுக்கு ஏற்ற எஃகில் கிடைக்கிறது. அர்னின் விளிம்பில் மாட்டிச் சாற்றுக்குள் தொங்கவிட்டேன். இரண்டையும் ஒரே இணைப்பில் போட்டால் ஃபியூஸ் தாங்காது என்பதால் துணி துவைக்கும் அறையிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்தேன். கீழிருந்து ஒரு சூடு, மேலிருந்து ஒரு சூடு. சாறு கடல் மாதிரி எழும்பி விழுந்தது. இனி எந்தச் சோளம் தங்குகிறது பார்க்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இவ்வளவு கொதிக்கணுமாடி?”

“கொதிக்கணும்மா. கொதிச்சு வாசம் வெளிய போகணும்.”

“வெளியவா?” என்றாள்.

போன் அடித்தது. உள்ளே போய் ஒரு செவிலியரிடம் பம்ப்பை அணைத்துப் போடச் சொல்லிக்கொண்டிருக்கும்போது விளக்கு, மின்விசிறி, வைஃபை எல்லாம் ஒரேயடியாக நின்றன. கராஜுக்கு ஓடினேன்.

அர்ன் பொங்கி வழிந்திருந்தது. பாத்திரத்தின் மேல் மூடி ஒருக்களித்துக் கிடந்தது. ராடு மாட்டியிருந்ததால் மூடி சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது, அந்த இடைவெளியை அடைத்து ஈரத் துண்டு ஒன்றை மடித்துச் செருகியிருந்தது. அதையெல்லாம் முட்டித் தள்ளிக்கொண்டு நுரை பாயின் மேல் இறங்கி, தரையெல்லாம் ஓடி, ராடின் இணைப்பு வரைக்கும் போயிருந்தது. பாதுகாப்பு ஸ்விட்ச் தன் வேலையைச் செய்திருக்கிறது, அது மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. நுரைக்கு நடுவில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத் துணியோடு அம்மா நின்றிருந்தாள்.

எல்லாம் ஒரு நொடியில் புரிந்தது. குறையாத சாறு. ஈர மூடி. ஆவியாகி மேலே போன சோள வாசனை மூடியில் முட்டி, துளியாகி, திரும்பவும் உள்ளேயே சொட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும். என் காலடிச் சத்தம் கேட்டதும் மூடியை எடுத்து அலமாரிமேல் வைத்திருக்கிறாள். பாயும் தெர்மோஸ்டாட்டும் போதுமானவையாகத்தான் இருந்திருக்கின்றன. ராடே தேவைப்பட்டிருக்கவில்லை.

“மூடாதேன்னு எத்தனை தரம் சொன்னேன்! ஷாக் அடிச்சிருந்தா? ஈரத் துண்டை யாராவது கரண்டுல செருகுவாங்களா? மாசக்கணக்கா நான் இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், நீ பின்னாடியே வந்து மூடிட்டுப் போயிருக்கே! எந்தப் பல்லிம்மா விழப்போகுது இதுல?”

வீடே அதிரக் கத்தினேன். அம்மா குனிந்து தரையைத் துடைத்தாள். துணியைப் பிழிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“பல்லிக்காக மூடல” என்றாள். “பக்கத்து வீட்டுக்கு வாசம் போகக் கூடாதுன்னுதான். அந்தம்மா அன்னைக்கு வேலிக்கிட்ட நின்னு மோந்து பாத்துச்சுல்ல.”

“கஞ்சி வாசத்துக்கு என்ன?”

“கஞ்சியாடி இது?”

நான் நனைந்த துண்டை உருவி எடுத்தேன்.

“அந்த அலமாரில வாளிக்குள்ள அடைச்சு வச்சிருக்கியே, வந்த வாரமே திறந்து பாத்துட்டேன். உங்கப்பனோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு அந்த வாசம் தெரியாதா? என்னையப் போய் ஏமாத்தறியே.”

“ஏம்மா அப்பவே கேக்கல?”

“கேட்டு? அந்த மனுசன்கிட்டக் கேட்டு என்னத்தைக் கண்டேன்?” துணியை மறுபடி பிழிந்தாள், அதில் பிழிய ஒன்றும் இல்லை. “உன்னையே பாத்துக்கிட்டிருந்தேன். காலையில எந்திரிக்கிறியா, வேலைக்குப் போறியா, கை நடுங்குதான்னு. தெனமும் பாத்தேன். நீ நல்லாத்தான் இருக்கே. ஆனா ஊருக்கு அது தெரியாதுல்ல? அப்பல்லாம் உங்கப்பன் தெருமுனை திரும்பறப்பவே நான் ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திருவேன். நாலு வீட்டுக்கு வாசம் போகக் கூடாது, நாளைக்கு உன்னைய எவனும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அதே பழக்கம். கை தன்னால போகுதுடி, நான் என்ன பண்ண?”

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும், அதே நேரம் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. சின்ன வயதில் எங்கள் வீடு ஏன் எப்போதும் இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததே இல்லை. இந்த வயதில், கடல் தாண்டி வந்து, என் கராஜிலும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். நான் குடிகாரி இல்லை என்று தெரிந்த பிறகும் செய்துகொண்டிருக்கிறாள்.

ராடைக் கழற்றி எறிந்தேன். இணைப்புகளைத் துடைத்து, காயவைத்து, மீட்டர் வைத்துச் சோதித்தேன். ஸ்விட்சைப் போட்டு, மிஞ்சிய சாறோடு அர்னை மட்டும் மறுபடி சூடேற்றினேன்.

“திறந்து வச்சாத்தான் நல்லா வருமா?” என்று கேட்டாள் அம்மா.

“ஆமாம்மா.”

“முழுசாத் திறந்தேவா?”

“முழுசாத் திறந்தேதான்.”

பக்கத்து வீட்டைப் பார்த்த ஜன்னலுக்குப் போய் அதை இழுத்துச் சாத்தினாள். கராஜ் கதவையும் இறக்கினாள். இந்த ஆவியில் சுவரெல்லாம் பூசணம் பிடிக்கும், வாடகை வீட்டு ஓனர் கத்துவான், நாம் இரண்டு பேரும் வெந்து சாவோம் என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். சாறு புரண்டு கொதிக்க ஆரம்பித்தது. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக எங்கள் தலையில் விழுந்தது. உள்ளே மறுபடியும் போன் அடித்தது.

“நீ போய்ப் பேசு. நான் மூட மாட்டேன்” என்றாள்.

நான் போகவில்லை. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை அர்னுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கை தன்னால் எழுந்துவிடாதபடி இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.